மலையின் தானியமும் நகரத்தின் அடுப்பும்

ஜவ்வாது என்னும் சொல்லைக் கேட்ட அளவிலேயே நறுமணம் நினைவுக்கு வருகிறது. புனுகுப் பூனையிடமிருந்து கிடைக்கும் வாசனைப் பொருளைக் குறிக்கும் அச்சொல், அரபு மொழியில் 'ஸபாத்' என வழங்கும் சொல்லோடு உறவுடையது. முகியித்தீன் ஆண்டவர் மீது பிள்ளைத்தமிழ் பாடிய சவ்வாதுப் புலவரின் பெயரிலும் அம்மணமே கமழ்கிறது. பாலாற்றுக்குத் தெற்கே, திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலைத்தொடரையும் நாம் அப்பெயராலேயே அழைக்கிறோம்.

அம்மலையின் மணம் ஒரு காலத்தில் சந்தனத்தில் இருந்தது. திருப்பத்தூரில் அரசாங்கத்தின் சந்தனமரக் கிடங்கு அமைந்ததும் அக்காடுகளின் வளத்தினால்தான். நகரத்தார் சந்தனத்தை விரும்பினார்கள், மலை கொடுத்தது. அரசு முறைப்படி வெட்டியது ஒரு பங்கு. திருட்டுக் கோடரிக்கு இரையானது மற்றொரு பங்கு. கொடுத்துக் கொடுத்துக் காடு வறிதாயிற்று. நகரத்தின் ஆசை ஒரு மரத்தை அருகச் செய்தது என்றால், நகரத்தின் அலட்சியம் ஒரு தானியத்தை அருகச் செய்து வருகிறது. அத்தானியம் சாமை. நகரங்கள் தம் உணவைக் குறித்து என்ன முடிவு செய்ய வேண்டும் என்று இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. அப்பேச்சை நம் வாசலுக்கு அருகிலுள்ள இம்மலையையும் இத்தானியத்தையும் கொண்டு எண்ணிப் பார்ப்பதே என் நோக்கம்.

தமிழ் பயின்றோர்க்கு இப்பகுதி புதியதன்று. இன்றைய செங்கமாகிய செங்கண்மாவில் இருந்து ஆண்ட நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், இம்மலைநாட்டையும் சேயாற்றையும் நம் கண்முன் நிறுத்துகிறது. பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், பரிசில் நாடிப் போகும் கூத்தனுக்கு வழி சொல்லும் பாட்டு அது. அவ்வழியில் எள்ளும் தினையும் அவரையும் வரகும் ஐவன நெல்லும் விளைந்து நிற்கும் காட்சியைப் புலவர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். எந்தச் சிற்றூரில் என்ன உணவு கிடைக்கும் என்பதும் வழிக்குறிப்பில் அடங்குகிறது. மலையில் எது விளைகிறது என்பதை அக்காலத்து மனிதன் தன் வழியை அறிந்தது போலவே அறிந்திருந்தான்.

இன்று நம் ஊர்களிலிருந்து மலையேறுவோர் பலர். பீமன் அருவியைக் காணச் செல்வோர் உண்டு. காவலூரில் 1986 முதல் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கும் வானாய்வு நிலையத்திற்கு மாணவர்களை அழைத்துச் செல்வோரும் உண்டு. நானும் அவ்வாறு சென்றிருக்கிறேன். தொலைநோக்கியின் வழியே சனியின் வளையத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு இறங்கிய பிள்ளைகளிடம், வழியோரச் சரிவில் மணி முற்றித் தலை சாய்த்து நின்ற பயிரைக் காட்டி, இது என்னவென்று கேட்டேன். புல் என்றார்கள் சிலர். நெல் என்றார்கள் சிலர். சாமை என்று சொன்னவர் ஒருவருமில்லை. அவர்கள் அனைவரும் அம்மலையின் அடிவாரத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள்.

சாமை வானம் பார்த்த பயிர். ஆனி, ஆடி மாதங்களின் மழையை நம்பி, கல்லும் சரிவுமான நிலத்தில் விதைக்கிறார்கள். ஏறக்குறைய மூன்று மாதங்களில் அறுவடை. கிணற்று நீரை அது கேட்பதில்லை. திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிறுதானியங்களுக்கென்றே ஒரு மையம் அமைத்து, சாமையில் புதிய இரகமும் வெளியிட்டிருக்கிறது. நார்ச்சத்து மிகுந்த உணவென்று மருத்துவர்கள் இதைப் பரிந்துரைக்கிறார்கள். இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு நோயுடையோர் என்று 2023ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு மதிப்பிட்டது. நகரத்தாருக்குச் சாமை தேவைப்படுகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆயினும், விளைவிக்கும் மலையிலேயே அதன் புழக்கம் குறைந்து வருகிறது. 'மலையாளிகள்' என்று பெயர் பெற்ற இம்மலையின் பழங்குடி மக்கள் கேரளத்தார் அல்லர். தமிழ் பேசும் மலைவாழ் உழவர்கள். அவர்களுடைய வீடுகளில் சாமைச் சோற்றின் இடத்தை ரேஷன் அரிசி பிடித்துக்கொண்டது. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அவ்வரிசி விலையின்றிக் கிடைக்கிறது. இதைக் குறையாகச் சொல்வது நன்றி மறத்தலாகும். அரிசிக் கடை பசியைத் தடுத்தது. சாமையை உரலிலிட்டுக் குத்தி உமி போக்கும் பெரும்பாட்டிலிருந்து பெண்களின் தோள்களுக்கு ஓய்வும் தந்தது. ஆனால் வீட்டிலும் தேவை குறைந்து, சந்தையிலும் விலை இல்லாமற்போன பயிரை எவன் விதைப்பான்? புனத்தை விட்டவர்கள் கூலி தேடித் தொலைவூர்களுக்குப் போகிறார்கள். 2015 ஏப்ரல் 7ஆம் நாள் ஆந்திரத்துச் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லப்பட்டு, இருபது தமிழர்கள் காவல் துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களுள் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். ஒரு புனம் தரிசாவது வேளாண்மைக் கணக்கோடு முடிந்துவிடும் செய்தியன்று என்பதை அந்த நாள் உணர்த்திற்று.

ஃபிக்ஹு நூல்களில் கொடுக்கல் வாங்கல் பாடத்தைப் பல ஆண்டுகளாக நான் நடத்தி வருகிறேன். அதில் 'தலக்கிர் ருக்பான்' என்றொரு பகுதி வரும். வெளியூரிலிருந்து சரக்கோடு வரும் கூட்டத்தாரை, அவர்கள் சந்தையை அடையும் முன்னரே எதிர்கொண்டு போய் வாங்கிக்கொள்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தருளினார்கள். நாட்டுப்புறத்தாருக்காக நகரத்தான் இடைநின்று விற்பதையும் தடுத்தார்கள். அதன் பொருள் என்னவென்று வினவப்பட்டபோது, தரகனாக நிற்கலாகாது என்பதே என விளக்கினார்கள் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள். அவ்வாறு வழியில் விற்றவன் சந்தைக்கு வந்து உண்மை விலையை அறிந்தால், விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமை அவனுக்கு உண்டென்றும் ஹதீஸில் வந்துள்ளது. 'ஹிதாயா' இயற்றிய இமாம் மர்கீனானி (ரஹ்) அவர்கள் இத்தடையின் காரணத்தை இரண்டாகப் பகுத்துக் காட்டுகிறார்கள்: ஒன்று, அதனால் நகர மக்களுக்குத் தீங்கு நேர்வது, மற்றொன்று, வருகிறவர்களிடம் விலையை மறைப்பது.

இப்பாடத்தில் ஒருநாள் ஒரு மாணவர் எழுந்து, "ஹஜ்ரத், இக்காலத்தில் ஒட்டகக் கூட்டம் எங்கே வருகிறது? இச்சட்டத்திற்கு இப்போது என்ன வேலை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு வகுப்பிலேயே விடை சொல்லாமல், அவரையும் இன்னும் இருவரையும் அழைத்துக்கொண்டு அறுவடைக் காலத்தில் ஜமுனாமரத்தூருக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்து ஒரு சிற்றூருக்கு நடந்தோம். களத்தில் சாமையைத் தூற்றிக்கொண்டிருந்த முதியவரிடம், "பெரியவரே, இதை என்ன விலைக்குக் கொடுப்பீர்கள்?" என்று கேட்டேன். அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"கீழ என்ன விலைன்னு எங்களுக்கு எப்படித் தெரியும் பாய்? வண்டி வரும், விலையும் அந்த வண்டியிலயே வரும்" என்றார்.

என் மாணவர் அதற்குப் பிறகு அக்கேள்வியைக் கேட்கவில்லை.

தரகர்களை வைது ஒதுக்குவதும் முறையாகாது. பஸ் போகாத ஊருக்கு அவர்களே வண்டி. வங்கி இல்லாத ஊருக்கு அவர்களே கடன். ஆனி மாதத்தில் விதைக்கும் செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும் முன்பணம் கொடுப்பவரும் அவர்தாம். அறுவடையில் விலை சொல்பவரும் அவர்தாம். கடனும் விலையும் ஒரே கையில் இருக்கும்போது, விற்பவனுக்கு விருப்பம் என்பது பெயரளவில்தான் மிஞ்சுகிறது. மலையில் உமியோடு வாங்கிய தானியம் ஆலைக்குப் போகிறது. சிறுதானிய ஆலைகளுக்குப் பெயர் பெற்ற மகாராஷ்டிரத்து நாசிக் வரை சென்று திரும்பும் தமிழ்நாட்டுச் சாமையும் உண்டு. பிறகு அழகிய உறைகளில் அடைபட்டு, மலையடிவாரத்துக் கடைக்கே வந்து சேர்கிறது. மலையிலுள்ளவனுக்கு விலை தெரிவதில்லை. நகரத்திலுள்ளவனுக்கு விலை தாங்குவதில்லை. இமாமவர்கள் பகுத்துக் காட்டிய இரு தீங்குகளும் ஒருங்கே வந்து நிற்கின்றன.

ஆகவே, நகரத்தின் உணவுக் கொள்கை என்பது எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கு இப்பாடமே வழிகாட்டுகிறது. விலை மறைவின்றித் தெரியும் சந்தையை அமைப்பது நகரத்தின் முதற்கடமை. விளைந்ததை நிலையாக வாங்கும் அடுப்பை மூட்டுவது இரண்டாவது. கெடாமல் காக்கும் களஞ்சியத்தை வைத்திருப்பது மூன்றாவது.

உலக நகரங்கள் இதை உணரத் தொடங்கியிருக்கின்றன. இத்தாலியின் மிலான் நகரில் 2015 அக்டோபர் 15ஆம் நாள், நூற்றுக்கு மேற்பட்ட நகரங்கள் கூடி உணவுக் கொள்கை குறித்த உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1993இல், பிரேசில் நாட்டின் பெலோ ஓரிசோஞ்சி நகராட்சி, உணவு குடிமக்களின் உரிமை என்று ஏற்று அதற்கெனத் தனித் துறையே ஏற்படுத்தியது. மலிவு விலை உணவகங்களை நடத்தியது; சுற்றுவட்டாரச் சிறு உழவர்கள் நகருக்குள் நேரடியாக விற்க இடம் ஒதுக்கியது. பின்னர் 2009இல் அந்நாட்டுச் சட்டம், பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 விழுக்காட்டைக் குடும்ப உழவர்களிடம் வாங்கவே செலவிட வேண்டும் என்று விதித்தது. பிள்ளைகளின் தட்டையும் உழவனின் களத்தையும் ஒரு சட்டத்தால் பிணைத்த செயல் அது.

நம் நாட்டிலும் அடித்தளம் இல்லாமலில்லை. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. இடைத்தரகரின்றி உழவரே விற்கவும், அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதி வைக்கவும் செய்த ஏற்பாடு, நபிவழிச் சந்தை நெறிக்கு மிகவும் நெருங்கியது. 2013இல் சென்னை மாநகராட்சி அம்மா உணவகங்களைத் தொடங்கி, ஒரு நகராட்சியால் நாள்தோறும் ஏழைகளுக்குச் சமைத்துப் போட முடியும் என்று காட்டிற்று. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில், அந்தந்தப் பகுதியின் சிறுதானியங்களைச் சேர்த்துக்கொள்ளவும் இடமளிக்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்த 2023இல், நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கத் தொடங்கினார்கள். ஜமுனாமரத்தூரிலோ, பழங்குடி உழவர்கள் தாமே பங்குதாரர்களாகச் சேர்ந்து உற்பத்தியாளர் நிறுவனம் அமைத்து, மலைப்பொருள்களைத் தாமே பக்குவப்படுத்தி விற்க முற்பட்டிருக்கிறார்கள். சந்தைக்கு வழி அவர்கள் திறந்திருக்கிறார்கள். அடிவாரத்து நகரங்களின் அடுப்புகள் அவ்வழியில் இன்னும் முழுமனத்தோடு சேரவில்லை.

களஞ்சியத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில், வளமான ஏழாண்டுகளின் விளைச்சலை, உண்பதற்கு வேண்டிய சிறிதளவு போக, கதிரிலேயே விட்டுவைக்கும்படி அவர்கள் கூறிய யோசனையைத் திருக்குர்ஆன் எடுத்துரைக்கிறது. சாமையின் இயல்பு அந்த யோசனைக்கு விளக்கவுரை போன்றது. உமியோடு இருக்கும்வரை ஆண்டுக்கணக்கில் அது கெடுவதில்லை. உமி நீக்கி அரிசியாக்கிவிட்டால் சில மாதங்களில் சிக்கு வாடை அடிக்கும். ஆகையால் களஞ்சியமும் சிறு ஆலையும் மலையிலோ அடிவாரத்திலோ இருப்பதே தக்கது. தேவைப்படும்போது தேவையான அளவுக்கு உமி நீக்கினால், தானியமும் நிற்கும். கூலியும் தவிடும் மலைக்கே நிற்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நகரத்தார்க்குச் சாமையின் மீது திடீரென்று ஆசை மூண்டால் என்ன நடக்கும்? சந்தனத்திற்கு நேர்ந்த கதை மீண்டும் நேரலாம். நல்ல விலை கிடைக்கிறதென்று மலையிலுள்ளோர் இருப்பதையெல்லாம் விற்றுவிட்டு, தம் பிள்ளைகளுக்கு வெறும் அரிசியை வைக்கலாம். யமன் நாட்டிற்கு முஆத் (ரலி) அவர்களை அனுப்பியபோது, அங்குள்ள செல்வர்களிடம் பெறும் ஜகாத்தை அங்குள்ள ஏழைகளுக்கே திருப்பும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். விளைந்த இடத்தின் ஏழைக்கு முதல் உரிமை என்னும் அந்நெறியை உணவுக் கொள்கையிலும் கைக்கொள்ள வேண்டும். மலையிலுள்ள அங்கன்வாடிகளும் பழங்குடியினர் பள்ளி விடுதிகளும் முதலில் தம் சாமையைப் பெறட்டும். நகரம் அதற்குப் பிறகே கையை நீட்டட்டும்.

விலையைப் பற்றிய தடையையும் மறைப்பதற்கில்லை. விலையின்றிக் கிடைக்கும் அரிசியோடு சாமை போட்டியிட முடியாது. எல்லா வீடுகளும் எல்லா நாளும் சாமை உண்ண வேண்டும் என்று யாரும் கேட்கவுமில்லை. நூறு பேர், ஆயிரம் பேருக்குச் சமைக்கும் பொது அடுப்புகள் வாரத்தில் ஓரிரு நாள் வாங்கினாலே போதும். நகராட்சிப் பள்ளி, மருத்துவமனை, மாணவர் விடுதி ஆகியவை அத்தகைய அடுப்புகள். அவ்வரிசையில் நம்முடைய அடுப்பு ஒன்றும் இருக்கிறது: நோன்புக் கஞ்சியின் அடுப்பு.

ரமலானில் கஞ்சி காய்ச்சுவதற்காகத் தமிழ்நாடு அரசு 2001 முதல் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி வழங்கி வருகிறது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான டன் அரிசி இவ்வாறு அடுப்பேறுகிறது. சாதி, மதம் பாராமல் தூக்குச் சட்டியோடு வருவோர்க்கெல்லாம் ஊற்றப்படும் அக்கஞ்சி, நம் ஜமாஅத்துகள் நடத்தும் பொது உணவு ஏற்பாடன்றி வேறென்ன? சென்ற ரமலானில் எங்கள் மதரஸாவில் வாரத்தில் இரண்டு நாள் அரிசிக்குப் பதிலாகச் சாமையைப் போட்டோம். பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, தேங்காய்ப்பால், சிறிது கைமா எல்லாம் வழக்கம் போலத்தான். பண்டாரி முதல்நாள் முகம் சுளித்தார். அடிப்பிடிக்கிறது, கைவிடாமல் கிண்ட வேண்டியிருக்கிறது என்றார். இரண்டாம் வாரத்தில் நீரின் அளவு அவருக்குப் பிடிபட்டுவிட்டது. பிள்ளைகளில் சிலர் முதலில் முணுமுணுத்தார்கள். மூன்றாம் வாரத்தில் பாத்திரம் காலியாகத் திரும்பியது.

கணக்கைச் சொல்கிறேன். நூற்றைம்பது பேருக்கு ஒரு நாளைக்கு எட்டுக் கிலோ. எட்டு நாளைக்கு 64 கிலோ. இது ஒரு மதரஸாவின் கணக்கு. வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர், வேலூர் ஆகிய ஊர்களிலிருந்து ஐம்பது பள்ளிவாசல்கள் இதே அளவில் சேர்ந்தால் 3,200 கிலோ. அரசு தரும் அரிசியை எவரும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. சாமைக்கான செலவை ஒவ்வொரு ஊரிலும் ஓரிருவர் ஏற்றுக்கொள்ளத் தயங்க மாட்டார்கள்.

இவ்வளவு தேவை என்பது விதைக்கும் முன்னரே மலைக்குத் தெரிய வேண்டும். அதற்கும் நம் ஃபிக்ஹில் வழி உண்டு. நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது, அங்குள்ளோர் வரப்போகும் கனிகளுக்கு முன்கூட்டியே பணம் கொடுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளக் கண்டார்கள். அளவும் எடையும் தவணையும் ஐயமின்றித் தெரிந்திருக்க வேண்டும் என்று நெறிப்படுத்தி அதை அனுமதித்தார்கள். இதுவே 'ஸலம்' எனப்படுவது. ஆனி மாதத்தில் தரகர் கொடுக்கும் முன்பணத்தின் இடத்தில், ஜமாஅத்துகள் கூடி, மலையின் உற்பத்தியாளர் நிறுவனத்தோடு ஸலம் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். பணம் முழுவதும் முன்னரே கைக்குப் போய்விடும். விலை ஒளிவின்றி எழுதப்படும். அறுவடைக்குப் பின் குறித்த நாளில் தானியம் வரும். ஒரு குறிப்பிட்ட புனத்தின் அல்லது ஒரு சிற்றூரின் விளைச்சலை மட்டும் பெயர் குறித்து ஸலம் செய்யலாகாது என்று நம் சட்ட அறிஞர்கள் வகுத்திருப்பதன் நுட்பம் இங்கேதான் விளங்குகிறது. ஒரு சரிவில் மழை பொய்த்தால் அந்தச் சுமை ஓர் ஏழை உழவனின் தலையில் விழக்கூடாது. மலைநாடு முழுமைக்கும் பொதுவான சாமை என்று தரம் சொல்லி ஒப்பந்தம் செய்வதே முறை.

நகராட்சி மன்றங்கள் இதைச் செய்யும்போது இன்னும் பெரிய அளவில் செய்யலாம். அவை செய்யட்டும், செய்யும்படி நாம் கேட்போம். கேட்பதற்கு முன் நம் கையிலுள்ள அடுப்பில் தொடங்கிவிட்டால், கேட்கும் குரலுக்கு வலு உண்டாகும். ஆனி பிறப்பதற்கு முன், தத்தம் ஊர்ப் பள்ளிவாசலின் கஞ்சிக்கு எத்தனை கிலோ வேண்டும் என்று ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒரு தாளில் எழுதட்டும். அத்தாளும் பணமும் மலையேறட்டும். வண்டி வரும்வரை விலை தெரியாமல் களத்தில் காத்திருக்கும் அம்முதியவருக்கு, விதைக்கும்போதே விலை தெரிந்துவிடும். அவ்விலைக்கும் அவர் உழைப்புக்கும் அல்லாஹுத் தஆலா பரக்கத் செய்வானாக.